கொடைப் பந்தலும் குழாய் ஒலிபெருக்கியும்: நெல்லைச் சீமையில் நாம் பாட்டும் ஆட்டமும் கண்டு வளர்ந்த இடங்கள்

பொருநைக்கரை எழுதியது:

நடராசப் பெருமான் ஆடிய ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில் உள்ளன. நெல்லையப்பர் கோவிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. மார்கழித் திருவாதிரைக்கு அங்கே கைகூப்பி நின்ற நாம், மனிதர்கள் ஆடிப் பாடுவதைக் கண்டதெல்லாம் ஊர் அம்மன் கோவிலுக்கு முன்னால் போட்ட ஓலைப் பந்தலுக்கு அடியில்தான். அந்தப் பந்தலில் என்னென்ன கேட்டோம், யார் யார் ஆடினார்கள், சினிமாப் பாட்டு எந்த வழியாக நம் தெருவுக்குள் நுழைந்தது என்பதையெல்லாம், நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதற்காகவே இந்த இழை.

என் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் உள்ளது. 1970களில் எங்கள் ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை கால்நாட்டினால் அடுத்த செவ்வாய்க்கிழமை கொடை, அதாவது கோவில் திருவிழா. மைக் செட்டுக்காரர் முதல் நாளே வந்துவிடுவார். ஆம்ப்ளிபயர், இசைத்தட்டுப் பெட்டி, குழல் விளக்குகள், இரண்டு பெரிய குழாய்கள் ஆகிய அனைத்தும் பேருந்தின் கூரையில் வந்து இறங்கும். ஒரு குழாயைக் கோவில் வேம்பிலும் மற்றொன்றை ஊருக்கு வெளியே வயல் பக்கம் பார்த்துப் பனையிலும் கட்டுவார்கள். இசைத்தட்டுப் பெட்டிக்கு அருகில் உட்கார இடம் கிடைப்பது எங்களுக்குப் பெரிய பேறு. அவர் தட்டை உறையிலிருந்து விளிம்பு மட்டும் படும்படி எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, சுழலும் பீடத்தில் வைத்து, ஊசிக் கையை மெல்ல இறக்குவார். பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு கரகரப்பு எழும். அதைக் கேட்டதும் எந்தப் பாட்டு வரப்போகிறது என்று சொல்லிவிடும் பையன்கள் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். தேய்ந்த தட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கரகரப்பு உண்டு.

காலையில் பக்திப் பாடல், பிறகு சினிமாப் பாட்டு, உச்சி வெயிலில் கதை வசனத் தட்டு என்று ஒரு வரிசை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள்கூட நீண்ட வசனங்களை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னதற்கு அந்தத் தட்டுகளே காரணம். இரவில் வில்லுப்பாட்டு தொடங்கும். அது முடிந்தும் முடியாமலும் நையாண்டி மேளமும் கரகமும் வரும். நடுச்சாமத்தில் சாமக்கொடை எனும் நள்ளிரவுப் பூசை. மறுநாள் இரவு, ஊரில் பிரித்த வரிப்பணம் மிச்சமிருந்தால் மெல்லிசைக் கச்சேரி, இல்லாவிட்டால் நாடகம்.

சினிமாப் பாட்டு வந்து வில்லையும் கரகத்தையும் அழித்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். நான் பந்தலில் கண்டது அப்படி இல்லை. முத்துப்பட்டன் கதையைப் பாடிக்கொண்டிருக்கும் புலவர், கூட்டம் கண்ணயரும் நேரம் பார்த்து, நாங்கள் அன்று காலையில் குழாயில் கேட்ட மெட்டிலேயே கதை நாயகியரான பொம்மக்காவையும் திம்மக்காவையும் வருணித்து நாலு அடி பாடுவார். தூங்கிய பிள்ளைகள் எழுந்து உட்கார்வார்கள். அடுத்த அடியில் அவர் பழைய மெட்டுக்குத் திரும்பிவிடுவார். ஒன்று மற்றொன்றைத் தாங்கியது என்பதே என் எண்ணம். மற்றவர்கள் கண்டதையும் அறிய விரும்புகிறேன்.

சாரல்வாசி எழுதியது:

அண்ணாச்சி, நல்ல இழை. ஆனால் கொடை ஆண்டுக்கு ஒருமுறை வருவது. தென்காசிப் பக்கத்தில் எங்களுக்கு நாள்தோறும் பாட்டுக் கொடுத்தது தேநீர்க் கடை வானொலி. அதற்குப் பின்னால் ஓர் அரசியல் காரணமும் இருக்கிறது. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தார். கேட்பவர்கள் அப்படியே இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கியதே, போனவர்களைத் திரும்ப அழைப்பதற்காகத்தான். நம் திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது. அது வந்த பிறகும் எங்கள் கடைக்காரர் காலையில் கொழும்பிலேயே முள்ளை நிறுத்தி வைத்திருந்தார்.

முக்கூடல், ஆழ்வார்குறிச்சி வட்டாரத்தில் பீடி சுற்றிய பெண்களையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும், விரலிடுக்கில் நூல் என்று திண்ணையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். கண்ணும் கையும் வேலையில் இருக்கும். காது மட்டும் வானொலிக்கு. புதுப்பாட்டு ஒன்றை ஊரிலேயே முதலில் முழுவதும் பாடக் கற்றவர்கள் அவர்கள்தான். திரையரங்குக்குப் போகாமலேயே ஒரு படத்தின் எல்லாப் பாட்டும் தெரிந்த அத்தைகள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

தேரிமணல் எழுதியது:

கடற்கரைக்காரன் என்ற முறையில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறேன். மத்திய அலை ஒலிபரப்பு உப்பு நீரின் மேல் தரையைவிட நெடுந்தூரம் வலுக்குறையாமல் பாயும். நமக்கும் கொழும்புக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் மன்னார் வளைகுடா. ஆகவே உடன்குடி, உவரி, திருச்செந்தூர்ப் பக்கத்தில் பகலிலேயே இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சைப் போலக் கேட்டது. இருட்டியதும் வானடுக்குகளில் ஏற்படும் மாற்றத்தால் உள்நாட்டு ஊர்களுக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலித்தால் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும் என்று பொருள். ‘பிறந்த நாள் வாழ்த்து’ நிகழ்ச்சியில் முகமறியாத பிள்ளைகளின் பெயரெல்லாம் எங்களுக்குப் பாடம். அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் வேகமும் பி. எச். அப்துல் ஹமீதின் நிதானமும் எங்களுக்குத் தமிழ் உச்சரிப்பைக் கற்றுக்கொடுத்தன. லகர ளகர ழகரம் பிசகாமல் பேசும் ஓர் ஆசிரியர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார் என்றுதான் நான் இன்றும் அதைச் சொல்வேன். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, தேரி எனும் செம்மணல் காட்டில் பதநீர் இறக்கும் வரை காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் பனைக்கு அடியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அதையே ஆடுவோம்.

வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பித்த காலம் அது. பேட்டரிக் கட்டை சோர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து மீண்டும் போடுவோம். ஒரு நாள் கூடுதலாகப் பாடும்.

எங்கள் பக்கத்து ஆட்ட அரங்கம் என்றால் அது குலசேகரன்பட்டினம் தசராதான். முத்தாரம்மன் கோவிலில் காப்புக் கட்டியவர்கள் காளியாகவும் குறவன் குறத்தியாகவும் அரசனாகவும் வேடமிட்டுக் காணிக்கை பிரிப்பார்கள். ஊருக்கு ஒரு தசராக் குழு, குழுவுக்கு ஒரு மேளம். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நடக்கும்போது ஒவ்வொரு குழுவின் மேளமும் ஒரே மணலில் சேரும். 1986இல் மாவட்டம் பிரிந்து நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள் ஆனோம். ஆனாலும் மேளச் செட்டுப் பேச இன்றும் பலர் நெல்லைப் பக்கமே போகிறார்கள்.

பாளைவாசகி எழுதியது:

ஆண்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். பெண் பிள்ளைகளுக்கு அந்த இரவு வேறு மாதிரி இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கொடைக்குப் போகக் கூடாது என்பது வீட்டுக் கட்டுப்பாடு. ஆனால் பனையில் கட்டிய குழாய் வீடு பார்த்து ஒலிப்பதில்லை அல்லவா? மச்சில் படுத்துக்கொண்டு சுடலைமாடன் கதையை ஆண்டுதோறும் கேட்டதால், எனக்கு அதன் நடை இன்றும் மனப்பாடம். எங்களுக்கென்று இருந்த மேடை கிறிஸ்துமஸ் கால கேரல் பவனி. ஹார்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் முன்னே நடக்க, பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பின்னால் நாங்கள் வீடு வீடாகப் பாடிச் செல்வோம். கீர்த்தனைகளுக்கு நடுவே, அந்த ஆண்டு வெளியான சினிமாப் பாட்டின் மெட்டில் யாரோ கட்டிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டும் நிச்சயம் இருக்கும். சபை ஐயர் (போதகர்) முகம் சுளிப்பார். சிறுவர்கள் அதைத்தான் உரக்கப் பாடுவார்கள்.

தெருவில் இருந்த மற்ற வீட்டுத் தோழிகள் மாலையிலேயே கொடைப் பந்தலில் பாயையோ சாக்கையோ விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்து இடம் பிடிப்பார்கள். வில்லு நடக்கும் வரை அம்மாக்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருப்பார்கள். கரகாட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் யாராவது ஒரு பெரியவர் வந்து "பொம்பளைப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போங்கம்மா" என்று சொல்லிவிடுவார். எங்களுக்குப் பார்க்கத் தகாதது என்று சொல்லப்பட்ட அந்த ஆட்டத்தை ஆடியவளும் ஒரு பெண்தானே என்ற கேள்வி எனக்குப் பத்து வயதில் வந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

தவில்வீடு எழுதியது:

இந்த இழையை நான்கைந்து நாட்களாகப் படித்து வருகிறேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிவிட்டீர்கள். நின்று வாசித்தவரின் வீட்டிலிருந்து நான் எழுதுகிறேன்.

என் தந்தையார் நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தாளம், இரண்டு கரகாட்டப் பெண்கள், உடன் ஆடும் ஓர் ஆண். இதுவே எங்கள் செட்டு. கொடைக்குக் கிளம்பும் நாளில் மதியமே அவர் விரல்கூடு செய்ய உட்கார்ந்துவிடுவார். துணியை நீள நீளமாகக் கிழித்து, மாவுப் பசையில் தோய்த்து, வலக்கை விரல் ஒவ்வொன்றிலும் சுற்றிச் சுற்றிக் கட்டுவார். அது காய்ந்து மரம் போல் இறுகும் வரை அந்தக் கையால் எதையும் தொட முடியாது. ஆகவே அன்று அவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவது என் வேலை. இடக்கைக் கம்பு பூவரசங்கம்பு. இரவெல்லாம் நின்று வாசித்துவிட்டு விடியற்காலையில் வந்து கூட்டைக் கழற்றும்போது, விரல் நுனிகள் நீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

பொருநைக்கரை அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். சினிமாப் பாட்டு எங்களை அழிக்கவில்லை. அது எங்களுக்குச் சோறு போட்டது. கொடைக்கு முதல் வாரமே செட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடி, வானொலியில் புதுப்பாட்டு வரும்போது நாகசுரக்காரர் அதன் ஊதுவாயான சீவாளியை வாயில் வைத்தபடி கூடவே ஓட்டிப் பார்ப்பார். இரண்டாம் தடவை கேட்கும்போது பாட்டு கைக்கு வந்துவிடும். எங்கள் ஊர்க்காரரான காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் மூலம் தமிழ்நாடு முழுதும் ஒலித்த பிறகு, சினிமாப் பாட்டு வாசிப்பது குறைவு என்ற பேச்சை எங்கள் தெருவில் யாரும் பேசியதில்லை. 1976இல் நாட்டுப்புற மெட்டுகளோடு ‘அன்னக்கிளி’ வந்தபோது, எங்களிடமிருந்து போனது எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது என்று என் தந்தையார் சொன்னார்.

எங்களைத் தாழ்த்தியது வேறு. முன்பணம் கொடுத்துச் செட்டுப் பேசிய ஊரிலேயே எங்களுக்கு ஒதுக்குப்புறத்தில் தனி இலை போட்ட கொடைகள் உண்டு. கரகமாடும் அக்காமார் உடை மாற்ற மறைவிடம் கேட்டால் மாட்டுத்தொழுவைக் காட்டிய ஊரும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். எங்கள் செட்டில் இருந்த மூத்த அக்கா தலையில் கரகத்தோடு ஏணியில் ஏறி இறங்குவார். தரையில் நட்ட ஊசியை, தலையைக் கரகத்தோடு மெல்ல மெல்லப் பின்னால் வளைத்துக் கொண்டுபோய்க் கண்ணிமையால் எடுப்பார். அப்போது மேளம் முழுதும் நின்று, பம்பை மட்டும் மெல்லிய உருட்டாக ஒலிக்கும். செம்பின் மேல் இருக்கும் கிளி அசையாது. அந்த ஒரு வித்தைக்காக அவர் குழந்தைப் பருவத்திலிருந்து பழகியிருக்கிறார். அதைப் பார்த்த ஊர்ப் பெரியவர்கள் எழுந்து வந்து பொன்னாடை போர்த்திய காலத்தையும் நான் கண்டேன்.

1989இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தது. ஊருக்கு ஊர் கரகாட்டம் கேட்டார்கள், கூலியும் ஏறியது. அதே வேகத்தில் கூட்டத்தின் மனமும் மாறியது. ஏணியும் ஊசியும் வேண்டாம், பாட்டுக்கு ஆடு, இரட்டை அர்த்தத்தில் பேசு என்று சீட்டு எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். ரூபாய் நோட்டை ரவிக்கையில் குத்துவதற்கென்றே மேடை ஏறியவர்களை என் தந்தையார் தவில் கம்பை நீட்டித் தடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளில் அந்த அக்கா ஆட்டத்தை விட்டுவிட்டார். பாளைவாசகி அக்காவின் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான்: பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தவரை அந்த ஆட்டத்துக்கு மரியாதை இருந்தது. அவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகே அது போனது.

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்த இழை எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது உங்கள் பதிவில் இருக்கிறது. செட்டில் இருந்த மற்றவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

களக்காடு வடகரை எழுதியது:

கணியான் கூத்தை யாரும் தொடவில்லை, ஆகவே எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோவில்களில் வில்லு இல்லாமல்கூடக் கொடை நடக்கும், கணியான் கூத்தின் தோல் பறையான மகுடம் இல்லாமல் நடக்காது. முதன்மைப் பாடகரான அண்ணாவி பாட, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, பெண் வேடமிட்ட இரண்டு ஆண்கள் காலில் சலங்கை கட்டி ஆடுவார்கள். உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றி, விரலால் சுண்டிப் பார்த்து, மீண்டும் காட்டுவார்கள். அந்தச் சூட்டுக்குத் தக்கபடி ஒலி ஏறுவதை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம். நடுச்சாமத்தில் கைவெட்டுச் சடங்கு வரும். கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுப்பார். சிறுவர்களை அப்போது அப்புறப்படுத்துவார்கள்.

இந்தக் கலைகள் குன்றியதற்குச் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் அந்த விதி தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வில்லுப்பாட்டின் கட்டமைப்பே விடிய விடியப் பாடுவதற்கானது. பிறப்பு, வளர்ப்பு, வரம், வதை என்று கதை நகர்ந்து, சாமக்கொடை நேரத்தில் சாமியாடி எழும் இடத்துக்கு, சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு வந்து சேர வேண்டும். மாலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடி என்றால் புலவர் எதை விடுவார்? கதையின் கிளைகளைத்தான் விடுவார். இன்று பல செட்டுகளில் இளையவர்களுக்கு மூன்று மணி நேரக் கதையே தெரியும், முழுக்கதை தெரியாது.

நாங்குநேரியைச் சேர்ந்த நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றவில்லை என்றால், நாம் இன்று இழந்தவற்றின் பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டோம். சத்திரப் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மறு ஆண்டு மறைந்தார். அவருடைய வில் காந்தி கதை பாடிய வில். கோவில் வில் வேறு. இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

மேலப்பாளையம் தறி எழுதியது:

எங்கள் தெருவில் பாட்டு வந்த வழி வளைகுடா வழி. 1970களின் கடைசியிலும் 80களிலும் துபாய், சவூதி சென்ற அண்ணன்மார் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர்தான் வீட்டின் முதல் அதிசயம். தறிச் சத்தத்துக்கு மேல் அதைப் பாட வைப்பார்கள். நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரலுக்கு மட்டும் தறி தானாக நிற்கும். எங்கள் வாப்பா பாட்டு முடியும் வரை தறி நாடாவை (ஊடை நூல் ஓட்டும் கட்டையை) கையிலேயே வைத்திருப்பார்.

பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு எல்லாச் சாதிக்காரர்களும் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கும் குழாய் உண்டு, கடை உண்டு, கச்சேரி உண்டு. பந்தலின் பெயர்தான் வேறு. திருநெல்வேலி டவுனில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகளில், விரும்பிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்து, 60 நிமிட நாடாவா 90 நிமிட நாடாவா என்று சொல்லிவிட்டு வந்தால், வாரம் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளலாம். கடைசிப் பாட்டு பாதியில் நின்றுபோகும். இன்று அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிடுகிறது.

சாரல்வாசி எழுதியது:

தவில்வீடு தம்பியின் பதிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் ஒரு மாறுபாட்டைச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டு வந்ததால் கேடில்லை என்பதை ஏற்கிறேன். அதைக் கருவியால் வாசித்தவரை விலக்கிவிட்டு, பதிவு செய்த ஒலியை ஓடவிட்ட நாளில்தான் கேடு வந்தது. மெல்லிசைக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கார்டியன், பாங்கோ, மூன்று காங்கோ, புல்லாங்குழல், இரண்டு வயலின் என்று பத்துப் பன்னிரண்டு பேர் மேடையில் இருப்பார்கள். நேயர் விருப்பச் சீட்டுக்கு எந்தப் பாட்டு வந்தாலும் அடுத்த நிமிடம் தொடங்கும் திறமை அவர்களிடம் இருந்தது. கீபோர்டு வந்தபோது அந்தப் பத்துப் பேர் நாலு பேர் ஆனார்கள். பிறகு ‘ஆடல் பாடல்’ என்ற பெயரில் வாசிப்பவரே இல்லாத மேடை வந்தது. இன்று அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டு, ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி வாங்கும் நிலை. ஒரு கொடைக்கு நீதிமன்றம் போக வேண்டிய நிலைக்கு ஊரைக் கொண்டுவந்தவர்கள் நாமேதான், கலைஞர்கள் அல்லர்.

தவில்வீடு எழுதியது:

அண்ணாச்சி சொல்வது சரியே. அதோடு ஓர் உதவியும் கேட்கிறேன். எங்கள் செட்டு வாசித்த கொடைகளை 1980களில் ஊர்க்காரர்கள் சிலர் டேப்பில் பதிந்து தந்தார்கள். ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. சிலவற்றில் நாடாவின் ஓரம் வெள்ளைப் பூத்திருக்கிறது. எதில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கவில்லை. ஓட்டிப் பார்க்கலாமா?

மேலப்பாளையம் தறி எழுதியது:

வெள்ளைப் பூத்தவற்றை ஓட்ட வேண்டாம் தம்பி. அது பூஞ்சை. ஒன்றை ஓட்டினால் கருவியின் வழியாக மற்றவற்றுக்கும் பரவும். அவற்றைத் தனியே எடுத்து, ஈரமில்லாத இடத்தில் நிறுத்திவாக்கில் வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். நன்றாக இருப்பவற்றில் முதல் வேலை, நாடாப் பெட்டியின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுவது. அதன் பிறகு தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஒரு முறை முழுவதும் முன்னே சுற்றி, மீண்டும் பின்னே சுற்றி, இறுக்கம் தளர்ந்த பின் ஓட்டுங்கள். கருவியின் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கணினியில் ஏற்றும்போது எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே முதலில் வையுங்கள், சிறிதாக்குவதைப் பிறகு செய்துகொள்ளலாம். 90 நிமிட நாடா மெல்லியது, 60 நிமிடத்தை முதலில் எடுத்துப் பழகுங்கள்.

பாளைவாசகி எழுதியது:

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் உள்ளன. அங்கே படித்தவர்கள் என் உறவில் இருக்கிறார்கள். நீங்கள் விரும்பினால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுத் தனியே எழுதுகிறேன். மூல நாடாவை யாரிடமும் விட்டுவிடாமல் பிரதி மட்டும் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். ஓட்டும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஊர், கோவில், நாகசுரம் யார், தவில் யார், ஆடியவர் யார் என்று கேட்கக் கேட்க எழுதுங்கள். அந்த மூத்த அக்கா இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பம்பை உருட்டு எந்த இடத்தில் வருகிறது, அப்போது தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அவரால் மட்டுமே சொல்ல முடியும்.

களக்காடு வடகரை எழுதியது:

ஆண்டு தெரியாத நாடாக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மேளம் அன்று வாசித்த சினிமாப் பாட்டுகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் கடைசியாக வெளிவந்த படம் எது என்று பாருங்கள். அந்தப் படத்தின் பாட்டு வெளிவருவதற்கு முன் அந்தக் கொடை நடந்திருக்க முடியாது. நீங்கள் சொன்னபடி செட்டுக்காரர்கள் புதுப்பாட்டைச் சுடச்சுடப் பிடித்தவர்கள் என்றால், அதற்கு அதிகம் பிந்தியும் இருக்காது. மாதம் சித்திரையா ஆடியா என்பது கோவிலைக் கொண்டு தெரிந்துவிடும். பட்டியலை இங்கே இட்டால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பார்த்து ஆண்டு குறித்துவிடலாம்.